குளிரான ஊரில் குளிராத பிரிட்ஜ்: கந்தப்பளை வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

என்னிடம் மனைப்பொருளியல் படித்த மாணவி ஒருத்தி இப்போது தானும் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். தைப்பொங்கல் முடிந்த வாரம் தொலைபேசியில் கேட்டாள்: "டீச்சர், தவணைக்குப் பெரிய பிரிட்ஜ் ஒன்னு எடுத்திடலாமான்னு பார்க்கிறோம். இருக்கிறதுல ஒரு எலுமிச்சங்காய் வைக்கக்கூட இடமில்ல. வச்ச சாமானும் கெட்டுப் போகுது."

இடமில்லை என்றது எனக்குப் பெரிதாகப் படவில்லை. எந்த வீட்டில்தான் இடமிருக்கிறது? வைத்த சாமான் கெடுகிறது என்றதுதான் உறுத்தியது. பிரிட்ஜுக்குள் இருக்கிற பொருள் வேகமாகக் கெட்டால் உள்ளே போதிய குளிர் இல்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அந்தக் குறை பெரிய பிரிட்ஜிலும் அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும். வாங்குமுன் இருப்பதைப் பார்க்கிறேன் என்று சொல்லிப் போனேன். வீட்டாரின் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

வீடும் பெட்டியும்

கந்தப்பளை, நுவரெலியாவிலிருந்து ராகலைக்குப் போகும் வீதியில் இருக்கிறது. நுவரெலியா நகரம் கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர். இந்தப் பக்கமும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் மரக்கறிப் பாத்திகளில் உறைபனி படிகிற நாட்களும் உண்டு. இந்த எண்களை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

வீட்டில் ஐந்து பேர். அவள், கணவர், இரண்டு பிள்ளைகள், கணவரின் தாயார். தாயாரை வீட்டில் எல்லோரும் அப்பாயி என்கிறார்கள், நானும் அப்படித்தான். கொழும்பில் வேலை செய்கிற கொழுந்தனார் மாதக் கடைசியில் வந்து போவார். கணவருக்கு லீக்ஸும் கரட்டும் போட்ட காணி இருக்கிறது. ஆகவே மரக்கறிக்குப் பஞ்சமில்லாத வீடு. உண்மையில் பிரச்சினையில் பாதி அந்த வளத்திலிருந்து வந்ததுதான்.

பிரிட்ஜ் இரண்டு கதவு கொண்டது. மேலே பிரீசர், கீழே பெரிய பகுதி, ஐஸ் படியாத வகை, 250 லீற்றர் அளவு. ஐந்து பேருக்குச் சிறிது என்று சொல்ல முடியாது. வைத்திருந்த இடம் பின் விறாந்தை. பாதிச் சுவர், மேலே கம்பிவலை, மலைக்காற்று நேராக வந்து அடிக்கும் இடம். "அங்க குளிரா இருக்கும், பிரிட்ஜுக்கும் நல்லதுதானேன்னு வச்சோம்" என்றார் கணவர். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

திறக்குமுன் அளந்தது

சாமான்களில் கை வைக்குமுன் அளவெடுப்பது என்று சொல்லிவிட்டேன். ஒழுங்குபடுத்துவது என்றாலே எல்லோரும் பெட்டி வாங்குவதில் தொடங்குகிறார்கள். இணையத்தில் வருகிற வீடியோக்களும் அதற்குத் தூபம் போடுகின்றன. ஒரே அளவில் கண்ணாடிப் பெட்டிகள், ஒரே எழுத்தில் பெயர்ச்சீட்டுகள். பார்க்க அழகுதான். அந்தப் பெட்டிக்குள் எத்தனை பாகை என்று ஒருவரும் காட்டுவதில்லை.

ஒரு கோப்பைத் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்தோம். வெறும் காற்றின் சூடு கதவைத் திறந்தவுடனே மாறிவிடும், தண்ணீரின் சூடு அப்படி மாறாது. காலையில் நடுத்தட்டு 9 பாகை. கதவுத் தட்டு 11. பிரீசரில் இரண்டு இறைச்சிப் பொதிகளுக்கு நடுவே செருகிய வெப்பமானி சைபருக்குக் கீழே 8 காட்டியது. கீழ்ப்பகுதி 5 பாகைக்கு மேல் போகக் கூடாது. பிரீசர் சைபருக்குக் கீழே 18 இருக்க வேண்டும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்டதைத்தான் உணவில் கிருமி பெருகும் ஆபத்தான பகுதி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் இந்த வீட்டில் பிரிட்ஜின் கீழ்ப்பகுதி முழுவதுமே அந்தப் பகுதிக்குள்தான் இருந்தது.

அப்போதுதான் சின்னவள் ஒரு விசயம் சொன்னாள். ஏப்ரலில் ஐஸ்கிறீம் கல் மாதிரி இருக்குமாம், ஜனவரியில் கூழாகிவிடுமாம். அம்மா அதைக் கதையாக எடுத்திருக்கிறாள். எனக்கு அந்த ஒரு வரியிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது.

இந்த வகைப் பிரிட்ஜில் கொம்பிரசர் ஒன்றே ஒன்று. அதை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்று தீர்மானிக்கிற தெர்மோஸ்டாட் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. வெளியே சூடாக இருந்தால் கீழ்ப்பகுதி அடிக்கடி சூடேறும், கொம்பிரசர் அடிக்கடி ஓடும், பிரீசருக்கும் குளிர் கிடைக்கும். விறாந்தையில் இரவு 10 பாகை என்றால் கீழ்ப்பகுதிக்குச் சூடே ஏறாது. "போதும்" என்று தெர்மோஸ்டாட் கொம்பிரசரை மணிக்கணக்கில் நிறுத்தி வைத்துவிடும். பிரீசருக்கென்று தனியாக யாரும் யோசிப்பதில்லை. ஆக, வெளியே குளிரக் குளிரப் பிரீசர் இளகும். நம்ப முடியாதது போலத் தோன்றும், ஆனால் ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கராஜில் வைத்த பிரிட்ஜுகளுக்கு நடப்பதும் இதுதான்.

பிரிட்ஜின் உட்சுவரில் அல்லது பின்புறத் தகட்டில் காலநிலை வகை என்று ஒரு சிறு எழுத்து இருக்கும். டி என்றிருந்தால் 16 பாகை முதல் 43 பாகை வரையான அறைக்குச் செய்தது. எஸ்டி என்றால் 16 முதல் 38. எஸ்என் என்றால் 10 முதல் 32. இந்த வீட்டுப் பெட்டியில் இருந்தது டி. கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் அருமையான பெட்டி. கந்தப்பளை விறாந்தையின் ஜனவரி இரவு அதன் கணக்கிலேயே இல்லை.

இதற்கு மேல் மூன்று தொல்லைகள். குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகு 1-இல் நின்றது. குளிர்காலத்தில் எண்ணைக் குறைக்கலாம் என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்தது, இங்கே ஆண்டு முழுக்கக் குளிர்காலம்தானே என்று அப்படியே விட்டுவிட்டார்கள். கரண்ட் பில் பயமும் சேர்ந்துகொண்டது. மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கணக்கு மாறிவிடும் என்பது இலங்கையில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த பயம். அடுத்தது, பின்சுவரில் குளிர்காற்று வருகிற துவாரங்கள் எல்லாவற்றையும் ஐஸ்கிறீம் டப்பாக்கள் அடைத்துக்கொண்டிருந்தன. கதவு ரப்பரில் ஒரு மூலை பூஞ்சணம் பிடித்து விறைத்துப் போயிருந்தது. நூறு ரூபாய் நோட்டொன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தால் அந்த மூலையில் மட்டும் தாராளமாக வழுக்கி வந்தது.

எல்லாவற்றையும் வெளியே எடுத்தபோது

பிரிட்ஜை நிறுத்திவிட்டு ஹோல் மேசையில் எல்லாவற்றையும் பரப்பினோம். வழக்கமாகப் பால் ஒரு பக்கம், இறைச்சி ஒரு பக்கம் என்று பிரிப்பார்கள். நான் வேறு மாதிரிச் செய்யச் சொன்னேன். யார் வைத்தது என்று ஆள்வாரியாகப் பிரியுங்கள் என்றேன். கூட்டுக் குடும்பத்தில் பிரிட்ஜ் நிரம்புவதற்குக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. அடுத்தவர் வைத்ததை எடுத்துக் கொட்ட யாருக்கும் மனம் வராது, அதுதான் விசயம். மாமியார் வைத்த டப்பாவை மருமகள் தொடமாட்டாள். மருமகள் வைத்ததை மாமியார் தொட்டால் அது வேறு பேச்சாகிவிடும்.

பரப்பிப் பார்த்ததும் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. கணவர் பக்கத்தில் விதைப் பொதிகள், வெட்டிய கோவாவில் பாதி, நோக்கோல், ஒரு கட்டு லீக்ஸ் மண்ணோடு. பிள்ளைகள் பக்கத்தில் பாதி குடித்த பழச்சாறு, யோகட், சொசேஜ் பொதி. அவளுடைய பக்கத்தில் அரைத்து வைத்த இஞ்சி பூண்டு, மாஜரின் டப்பாவில் பருப்புக் கறி, இன்னொரு மாஜரின் டப்பாவில் என்ன என்று அவளுக்கே தெரியாத ஒன்று, திறந்த டின் மீன் அதே டின்னோடு. கொழுந்தனார் பக்கத்தில் பிரீசரை அடைத்துக்கொண்டிருந்த ஒரே கட்டி மீன். அப்பாயி பக்கத்தில் வெற்றிலை, தேங்காய்ப் பாதிகள் சில, கருவாடு, நெத்தலி, பொங்கல் வைத்த சக்கரைப் பொங்கல், தொழிற்சாலையிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த நல்ல பி.ஓ.பி. தேயிலை, அப்புறம் அவருடைய இன்சுலின்.

யாருடையதும் இல்லாமல் நின்றவை தண்ணீர்ப் போத்தல்கள். 2022-இல் மின்வெட்டு மாதங்களில் பிரீசரில் ஐஸ் போத்தல் போட்டு வைத்தால் தாங்கும் என்று யாரோ சொல்ல, நிரப்பி வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டு மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள், மறந்திருக்க மாட்டீர்கள். யோசனை சரியானதுதான். நிரம்பிய பிரீசர் கதவைத் திறக்காமல் விட்டால் ஏறத்தாழ 48 மணித்தியாலம் தாங்கும், பாதி நிரம்பியது 24. கீழ்ப்பகுதி 4 மணித்தியாலம்தான். ஆனால் மின்வெட்டு முடிந்த பிறகும் பிரீசரில் மூன்றில் ஒரு பங்கைப் போத்தல்களே பிடித்திருந்தன. இரண்டை மட்டும் விட்டோம். 2025 பெப்ரவரியில் பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் நாடு முழுக்க இருண்டதே, அந்த மாதிரி நாளுக்கு இரண்டு போதும்.

கேட்காமலே வெளியே எடுத்தது ஒன்றே ஒன்று. கதவுத் தட்டில் சோடாப் போத்தலில் கால்வாசி இருந்த ஒரு திரவம். காணிக்கு அடிக்கிற பூச்சிமருந்தின் மிச்சம், வெயில் படாமல் இருக்கட்டும் என்று கணவர் வைத்தது. பிள்ளைகள் ஓடித் திரிகிற வீட்டில், பழச்சாற்றுக்குப் பக்கத்தில். இதைப் பற்றி நான் மென்மையாகப் பேசவில்லை. பூச்சிமருந்து அது வந்த போத்தலிலேயே, அதன் லேபலோடு, வீட்டுக்கு வெளியே பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். உணவு வைக்கிற இடத்தில் ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது. அவரும் மறுபேச்சுப் பேசவில்லை.

கொட்டுவதில்தான் தகராறு வந்தது. சக்கரைப் பொங்கலை எடுத்ததும் அப்பாயியின் முகம் மாறிவிட்டது. "சாமிக்குப் படைச்சது பிள்ள. லயத்துல இருந்த காலத்துல ஒரு பிடி சோத்துக்கு என்னா பாடுபட்டோம் தெரியுமா?" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? சமைத்த சோற்றில் பசில்லஸ் சீரியஸ் என்ற பக்டீரியா வளரும், அதன் வித்துக்கள் கொதிக்க வைத்தாலும் சாகாது, அது விடுகிற நஞ்சில் ஒரு வகை திரும்பச் சூடாக்கினாலும் அழியாது என்று நான் சொல்லலாம். சொல்லவும் செய்தேன். ஆனால் காரியம் நடந்தது மகன் சொன்ன வார்த்தையில்: "கொட்டலம்மா, கூட்டெருக் குழியில போடுறேன். நம்ம லீக்ஸுக்குத்தானே போகுது." அதன் பிறகு சோறும் மரக்கறியும் சத்தமில்லாமல் குழிக்குப் போயின. மீன், இறைச்சி மட்டும் போடவில்லை, நாயும் காட்டுப்பன்றியும் தோண்டிவிடும். அவற்றை ஆழமாகப் புதைத்தார்கள்.

எது உள்ளே, எது வெளியே

கீழ்நாட்டில் எழுதிய குறிப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டு மலைநாட்டுப் பிரிட்ஜை அடுக்கக் கூடாது. இந்த வீட்டில் நான் கற்பிக்க நினைத்தது இது ஒன்றுதான். கொழும்பில் இரண்டு நாளில் வாடிவிடும் கரட் கந்தப்பளையில் ஒரு மூலையில் ஒரு வாரம் சும்மா கிடக்கும். மன்னாரில் வெயிலில் தொங்குகிற கருவாடு இங்கே ஈரக்காற்றில் பூஞ்சணம் பூத்துவிடும். ஆக இங்கே கரட்டை வெளியே விடலாம், கருவாட்டை உள்ளே வைக்க வேண்டும். இவர்கள் இரண்டையும் உள்ளே வைத்திருந்தார்கள்.

விறாந்தையில் பிரிட்ஜ் நின்ற இடம் காலியானது, ஏனென்றால் பிரிட்ஜை ஹோலுக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த நடைக்கு நகர்த்திவிட்டோம். இரவில் அடுப்பின் வெதுவெதுப்பு கொஞ்சம் நிற்கிற இடம் அது, வெப்பநிலை 16-க்குக் கீழே போவது அரிது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கவும் இல்லை, சுவரோடு அழுத்தவும் இல்லை. பின்னால் ஒரு சாண் இடைவெளி விட்டோம். விறாந்தையில் அதே இடத்தில் பலகைத் தட்டொன்று அடித்து மரக்கறியை அங்கே இறக்கினோம். மலைக்காற்று இனி மரக்கறிக்கு வேலை செய்யட்டும்.

உருளைக்கிழங்கு பிரிட்ஜுக்குள் போகவே கூடாது. கடுங்குளிரில் அதன் மாப்பொருள் சர்க்கரையாக மாறும், பொரித்தால் கருகும், அக்ரிலமைட் என்ற வேண்டாத பொருளும் கூடும். வெளிச்சம் பட்டாலும் பச்சையாகிவிடும், அந்தப் பச்சையோடு சொலனின் என்ற நஞ்சும் வரும். சாக்கு மூடிய கூடையில் கீழ்த்தட்டு. வெங்காயம் அதற்குப் பக்கத்தில் வேண்டாம், உயரத்தில் வலைப்பையில் தொங்கட்டும். வாழைப்பழம், தக்காளி, ஆனைக்கொய்யா மூன்றும் எதிலீன் என்ற வாயுவை விடுபவை. அது கரட்டைக் கசக்க வைக்கும், இலைக்கறியை மஞ்சளாக்கும். ஆகவே பழங்களுக்குச் சமையலறையில் தனிக் கூடை. தக்காளியைப் பிரிட்ஜில் வைத்தால் மணமும் போய்விடும், நன்றாகப் பழுத்ததை மட்டும் ஓரிரு நாள் தள்ளிப்போட உள்ளே வைக்கலாம்.

லீக்ஸ் அன்றாடம் காணியிலிருந்து வருகிற வீட்டில் அதை ஏன் சேமிக்க வேண்டும் என்று கேட்டேன். யாரிடமும் பதில் இல்லை. அதன் வாடை பாலிலும் பட்டரிலும் ஏறியதுதான் மிச்சம். கழுவாமல், மேல் மண்ணைத் தட்டி, பத்திரிகைத் தாளில் சுற்றி விறாந்தையில் நிறுத்தினோம். கரட்டின் தழையை உடனே ஒடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தழை கிழங்கின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கோவா முழுதாக இருந்தால் வெளியே, வெட்டியது உள்ளே.

தேயிலைக்குத்தான் நான் வருத்தப்பட்டேன். சுற்றிவர உலகத்தின் நல்ல தேயிலை விளைகிற ஊரில், கருவாட்டுப் பொதிக்குப் பக்கத்தில் பி.ஓ.பி.யைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். தேயிலை மணத்தையும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். பிரிட்ஜிலிருந்து எடுத்துத் திறக்கும்போதெல்லாம் அதில் நீர் வேறு படியும். ஒரு கோப்பை ஊற்றிப் பார்த்தோம். சாயம் நன்றாகத்தான் இருந்தது. மணத்தில் மீன் இருந்தது. தேயிலைக்கு இறுக மூடுகிற தகர டின், இருட்டான அலுமாரி, அவ்வளவு போதும்.

விதைப் பொதிகளை வெளியே எடுப்பேன் என்று கணவர் பயந்திருந்தார். நேர்மாறாக, அவற்றுக்கு நல்ல இடம் ஒதுக்கினேன். இறக்குமதிக் கரட் விதை விற்கிற விலையில் அது பாலைவிடப் பெறுமதியான சாமான். விதைக்குக் குளிரும் வேண்டும், வறட்சியும் வேண்டும். திறந்த பொதி பிரிட்ஜின் ஈரத்தில் முளைப்புத்திறனை இழக்கும். இறுக்கமான மூடி போட்ட போத்தலில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதி ஒன்றோடு, நடுத்தட்டின் பின்பக்கம்.

உள்ளே அடுக்கியது

ரப்பரை வெந்நீரும் அப்பச்சோடாவும் கலந்து பழைய பற்தூரிகையால் தேய்த்ததில் பூஞ்சணம் போனது. விறைத்த மூலையில் வெந்நீர்த் துணி வைத்து நீவினோம், நோட்டு பிறகு இறுகப் பிடித்தது. திருகை 3-க்குத் திருப்பினோம். பிரீசருக்குப் போகிற காற்றைக் கூட்டிக் குறைக்கும் தனித் தள்ளி ஒன்றும் இருந்தது, அதைப் பிரீசர் பக்கம் சற்றுத் தள்ளினோம். மறுநாள் நடுத்தட்டு 4 பாகை. பிரீசர் சைபருக்குக் கீழே 17-ஐத் தொட்டது.

அதன் பிறகுதான் அடுக்குதல். மேல் தட்டு சமைத்த உணவுக்கு. இதற்கு ஒரே கட்டுப்பாடு: கண் மட்டத்தில் முன்வரிசையில் நிற்க வேண்டும், பின்னால் இரண்டாம் வரிசை கிடையாது. பின்வரிசையில் போனது யாருக்கும் நினைவில் நிற்காது. சமைத்ததை ஆறவைத்து, சமைத்து முடித்த இரண்டு மணித்தியாலத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். "இங்கதான் குளிராச்சே, ராத்திரி அடுப்பு மேலேயே இருக்கட்டும்" என்பது இந்த ஊர் வழக்கம். 15 பாகையும் ஆபத்தான பகுதிக்குள்தான் வருகிறது என்று பாத்திரத்துக்குள் வெப்பமானியைப் போட்டே காட்டினேன். சோறு மறுநாளோடு சரி. கறி மூன்று, நான்கு நாள். தேங்காய்ப்பால் விட்ட கறியை அவ்வளவு நாள் வைக்காமல் முதலில் முடித்துவிடுவது நல்லது. டின் மீனைத் திறந்தால் மூடியுள்ள பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும்.

நடுத்தட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி. புதிதாக ஒன்றும் வாங்கவில்லை, ஐஸ்கிறீம் டப்பாக்களே போதும். உள்ளே இருப்பது வெளியே தெரியாது என்பதால் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயரும் திகதியும் எழுதினோம். கொதிக்கிற கறியை மட்டும் அவற்றில் ஊற்றாதீர்கள், அவை குளிருக்கென்று செய்த பிளாஸ்டிக். அவரவர் பெட்டியில் அடுத்தவர் கை வைப்பதில்லை. பெட்டிக்கு வெளியே கிடப்பது எதுவானாலும் அதைத் தீர்மானிப்பது சமைக்கிறவள். இந்த ஏற்பாட்டைச் சொன்னபோது மருமகளைவிட அப்பாயிக்குத்தான் அதிகம் பிடித்தது. "அப்ப என் டப்பாவ யாரும் கிண்ட மாட்டீங்களே?" என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

இன்சுலின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது கதவுத் தட்டில் இருந்தது. திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 பாகை வேண்டும். கதவோ 11. குளிர் வேண்டுமென்று பின்சுவர்த் துவாரத்தோடு ஒட்டி வைத்தாலும் ஆபத்து, உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் உதவாது. நடுத்தட்டின் முன்பக்கம், மூடியுள்ள சிறு பெட்டி. பாவனையில் இருக்கிற குப்பியைச் சாதாரண அறை வெப்பத்திலேயே வைக்கலாம், பெரும்பாலான வகைகளுக்கு நான்கு வாரம் வரை என்று உள்ளே வருகிற தாளில் இருக்கும். கந்தப்பளை அறை வெப்பம் அதற்குத் தாராளம், ஊசி போடும்போதும் குளிர்ந்த மருந்தைவிட வலி குறைவு. திறந்த திகதியைக் குப்பியில் எழுதினோம். கதவில் கிடந்த பழைய குப்பிகளைப் பாவிக்கலாமா என்று நான் முடிவு சொல்லவில்லை. அடுத்த கிளினிக் நாளில் கொண்டுபோய்க் காட்டச் சொன்னேன்.

கீழ்த்தட்டில் பச்சை இறைச்சியும் மீனும், விளிம்புள்ள தட்டில். மேலே வைத்தால் அதன் நீர் கீழே சொட்டும். மரக்கறிப் பெட்டியில் வெட்டிய கோவா, கீரை, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் மட்டும். கதவுத் தட்டில் சோஸ், ஜாம், ஊறுகாய், தண்ணீர். கருவாடும் நெத்தலியும் இரட்டைப் பொதி போட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் பிரீசருக்கு.

கொழுந்தனாரின் மீன்

இது தனி ஆய்வுக்கே உரியது. பேலியகொடைச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதென்று பலயாவோ கெலவல்லாவோ (இரண்டும் சூரை வகை மீன்) முழுதாக வாங்கி, ஷொப்பிங் பேக்கில் சுற்றி, பஸ்ஸில் மலையேறிக் கொண்டுவருவார். வந்ததும் பை அப்படியே பிரீசருக்குள். சைபருக்குக் கீழே 8 மட்டுமே இருந்த பிரீசரில் அந்தப் பெரிய உருப்படி நடுவரை உறைய எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு சமைக்கிற நாளில் கட்டியை வெளியே எடுத்து இளகவைத்து, வேண்டிய துண்டை வெட்டி, மிச்சத்தை மறுபடி உள்ளே.

பலயா, கெலவல்லா, சாளை போன்றவை குளிரில்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். உடம்பு சிவந்து தடித்து, தலைவலி, வாந்தி வரும், மீன் ஒவ்வாமை என்று நினைத்துவிடுவோம். கொதித்தாலும் பொரித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. மணத்தை வைத்தும் நம்பிச் சொல்ல முடியாது. பிரீசர் இதைத் திருத்தாது, அதற்கு மேல் கூடாமல் நிறுத்தும், அவ்வளவுதான். ஆகவே மீனுக்கான ஒழுங்கு பிரிட்ஜில் தொடங்குவதில்லை, சந்தையில் தொடங்குகிறது. ரெஜிபோம் (தெர்மாகோல்) பெட்டி, மீனுக்கு மேலும் கீழும் ஐஸ், அங்கேயே குடல் எடுத்துத் துண்டு போட்டு வாங்குவது. வீட்டுக்கு வந்ததும் ஒரு வேளைக்கு வேண்டிய அளவு தட்டையாகப் பொதி செய்து திகதி எழுதி அடுக்குவது. தட்டையான பொதி சீக்கிரம் உறையும், நிறுத்தி அடுக்கினால் பிரீசரில் பாதி இடம் மிஞ்சும். எடுத்ததை முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி இளகவைக்க வேண்டும். இளகியதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது. கொழுப்பு மீன் இரண்டு மூன்று மாதத்துக்குள் முடிவது நல்லது.

அவர் இதைக் கேட்டு முதலில் சிரித்தார். "அண்ணி வீட்டுக்கு மீன் கொண்டார்றதுக்கு இவ்வளவு சட்டமா?" என்றார். அந்த மாதம் பழைய பழக்கத்திலேயே வந்தார்.

பிறகு

சித்திரைப் புத்தாண்டுக்குப் பலகாரம் கொடுக்கப் போனபோது பார்த்தேன். குளிர் நிலைத்திருந்தது, நடுத்தட்டு 4-க்கும் 5-க்கும் இடையில். பெப்ரவரியில் உறைபனி விழுந்த இரவுகளில் பிரீசர் சைபருக்குக் கீழே 15 வரை ஏறியதாகவும், அதற்கு மேல் போகவில்லை என்றும் அவள் எழுதி வைத்திருந்தாள். பில் கூடியது, பயந்த அளவுக்கு இல்லை, முன்பிருந்த அதே படிக்குள்தான் நின்றது. புதுப் பிரிட்ஜ் பேச்சு தள்ளிப்போய்விட்டது. எப்போதாவது வாங்கினால் எஸ்என்-டி என்று போட்டிருக்கிற பெட்டியைக் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். அது 10 பாகையிலிருந்து 43 வரை தாங்கும். விற்பனையாளருக்கே பல சமயம் அந்த எழுத்து தெரியாது, தகட்டை நாமே குனிந்து பார்க்க வேண்டும்.

திகதி எழுதுகிற பழக்கம் கீழ்ப்பகுதியில் செத்துவிட்டது. பிரீசரில் மட்டும் பிழைத்திருக்கிறது, அதுவும் பெரியவள் பிடிவாதமாக எழுதுவதால். இது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. மேல் தட்டில் ஒரே வரிசை என்ற கட்டுப்பாடு நின்றதால் எது பழையது என்று கண்ணாலேயே தெரிகிறது. அப்பாயியின் டப்பா இரண்டாகிவிட்டது. தேங்காய்ப் பாதிகள் மறுபடி வந்துவிட்டன. தேங்காய் விற்கிற விலைக்குப் பாதியை யாரும் வீசப்போவதில்லை. துருவித் தட்டையாகப் பிரீசரில் வையுங்கள் என்று சொன்னால், "பூ உறைஞ்சா பால் ருசியா வராது" என்கிறார். நான் வற்புறுத்தவில்லை. அவர் டப்பா அவருடையது. கொழுந்தனார் மட்டும் ரெஜிபோம் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறார். மீனைச் சந்தையிலேயே துண்டு போட்டுத்தான் இப்போது கொண்டுவருகிறாராம், ஐஸ் மட்டும் இன்னும் போதிய அளவு போடுவதில்லை.